பழைய பிஆர்இசட், கையில் 1500 டாலர்: ஆட்டோகிராஸில் எந்த கிளாஸில் இறங்குவது?

நோவை_வேல் (நோவை, மிச்சிகன்)

வணக்கம் நண்பர்களே. போன கோடையில் அலுவலக நண்பர் ஒருவர் ஓட்டுவதைப் பார்க்கப் போனதிலிருந்து ஆட்டோகிராஸ் (கூம்புகள் வைத்த பாதையில் ஒவ்வொரு வண்டியாக நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) ஆசை பிடித்துக்கொண்டது. இந்த சீசனில் நானும் இறங்கிவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். எந்த கிளாஸில் பெயர் கொடுப்பது என்பதில்தான் குழப்பம்.

வண்டி 2013 சுபாரு பிஆர்இசட், மேனுவல் கியர். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், வெளிக் கம்பெனி ஏர் இன்டேக், 18 அங்குலத்தில் 8.5 அங்குல அகல வீல் எல்லாம் மாட்டியிருக்கிறார். எக்ஸாஸ்டும் மாறியிருக்கிறது, ஆனால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் மட்டும். பழைய கம்பெனி வீல் நான்கையும் கூடவே கொடுத்தார், கராஜில் கிடக்கின்றன. தினமும் வேலைக்குப் போவதும் இதே வண்டியில்தான்.

சீசன் முழுவதற்கும் 1500 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். ஊரில் தங்கை கல்யாணம் வருகிறது, அதற்கு மேல் கை வைக்க முடியாது.

இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) விதிப்புத்தகத்தைத் திறந்தால் ஸ்ட்ரீட், ஸ்ட்ரீட் டூரிங், ஸ்ட்ரீட் பிரிப்பேர்டு, மாடிஃபைடு என்று போய்க்கொண்டே இருக்கிறது. இருக்கிறபடியே ஓட்டவா, ஒரிஜினலுக்குத் திருப்பவா, இல்லை விற்றுவிட்டுப் பழைய மஸ்டா மியாட்டா ஒன்று வாங்கவா?

டியர்பார்ன்_ராகவன்

வேல், நல்வரவு. கேட்க வேண்டியதைச் செலவு செய்வதற்கு முன்னாலேயே கேட்டிருக்கிறீர்கள்.

விதிப்புத்தகம் முழுவதையும் படிக்க வேண்டாம். 13ஆம் பிரிவு ஸ்ட்ரீட் (கிட்டத்தட்ட ஒரிஜினல் வண்டிகள்), 14 ஸ்ட்ரீட் டூரிங் (இன்னும் கொஞ்சம் மாற்றியவை). இந்த இரண்டையும், எந்த மாடல் எந்த கிளாஸ் என்று சொல்லும் பின்னிணைப்பு ‘ஏ’வில் உங்கள் வண்டி இருக்கும் வரியையும் படித்தால் போதும். ஸ்ட்ரீட்டுக்குள் எழுத்து வாரியாகக் கிளாஸ்கள் உண்டு, முதல் தலைமுறை பிஆர்இசட்டுக்கு டி ஸ்ட்ரீட்தான் வீடு. வருடா வருடம் சில வண்டிகளை இடம் மாற்றுவார்கள், அதனால் இந்த ஆண்டின் புத்தகத்தையே பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். எக்ஸாஸ்ட் பிரச்சினையே இல்லை, கன்வெர்ட்டருக்குப் பின்னால் மாற்றுவதை ஸ்ட்ரீட் அனுமதிக்கிறது. ஷாக் அப்சார்பரையும் மாற்றலாம், இரண்டு அட்ஜஸ்ட்மென்ட் வரை இருக்கலாம். ஆன்ட்டி ரோல் பார் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) முன்னாலோ பின்னாலோ ஒன்றை மட்டும் மாற்றலாம். பிரேக் பேடு உங்கள் விருப்பம். ஸ்பிரிங்கைத் தொட்டால் மட்டும் ஸ்ட்ரீட்டிலிருந்து வெளியே. இன்டேக்கும் அப்படித்தான்: கம்பெனிப் பெட்டிக்குள் வேறு ஃபில்டர் போடலாம், பெட்டியையும் குழாயையும் மாற்றக் கூடாது. வீல் விட்டம் ஓர் அங்குலம் கூடலாம், குறையலாம், அகலம் மட்டும் கம்பெனி அளவிலேயே இருக்க வேண்டும். பிஆர்இசட்டுக்கு அது 7 அங்குலம், உங்களிடம் இருப்பது 8.5.

ஆக, இருக்கிறபடியே போனால் ஸ்ட்ரீட் டூரிங். அங்கே உங்களோடு நிற்கும் வண்டிகளில் காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்), கேம்பர் பிளேட் (சக்கரத்தின் சாய்வை மாற்றும் தகடு), ஹெடர் (எஞ்சினை ஒட்டிய எக்ஸாஸ்ட் குழாய்), ஈசியூ டியூன் (எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றுவது) எல்லாம் இருக்கும். விதி இடம் கொடுத்த ஒவ்வொன்றையும் அவர்கள் செய்து முடித்திருப்பார்கள். உங்களிடம் இருப்பது தாழ்த்தின ஸ்பிரிங்கும் சத்தம் போடும் இன்டேக்கும். அரைகுறையாக மாற்றிய வண்டிக்கு இந்த விளையாட்டில் இடம் கிடைப்பதே கஷ்டம். கிளாஸ் பிரிப்பவர்கள் நீங்கள் மாற்றியதை மட்டும் எண்ணுவதில்லை, அந்த கிளாஸில் மாற்ற முடிகிற எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகவே வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

என் யோசனை: ஒரிஜினலுக்குத் திருப்புங்கள். பிஆர்இசட் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் முதல் வருடமே சஸ்பென்ஷனைக் கழற்றிவிடுவதால் கம்பெனி ஸ்ட்ரட்டும் (ஷாக் அப்சார்பர் உள்ள தூண்) ஸ்பிரிங்கும் சேர்ந்த முழு செட் பழைய பொருள் சந்தையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். முழு செட்டாக வாங்கினால் ஸ்பிரிங்கை அமுக்கி மாட்டும் கம்ப்ரஸர் வேலையும் மிச்சம். உங்கள் ஸ்பிரிங்கையும் இன்டேக்கையும் விற்ற காசே அதற்குப் போதும்.

ஆஸ்டின்_மலர்

வேல் தம்பி, ராகவன் அண்ணா சொன்ன விதியெல்லாம் சரி. ஆனால் அதற்காக முதல் பந்தயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஸ்பிரிங் கிடைக்கட்டும், அலைன்மென்ட் முடியட்டும் என்று காத்திருந்தே கோடையைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உள்ளூர் கிளப்களில் பெரும்பாலும் புதியவர்களுக்கென்று நாவிஸ் கிளாஸ் இருக்கும். வெவ்வேறு வண்டிகள் ஒன்றாகப் போட்டியிடுவதால் பாக்ஸ் (PAX) கணக்கில் ஒப்பிடுவார்கள். ரிக் ரூத் ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும் பட்டியல் அது. உங்கள் நேரத்தை உங்கள் கிளாஸுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். கணக்குக்காக ஸ்ட்ரீட்டுக்கு 0.80, ஸ்ட்ரீட் டூரிங்குக்கு 0.82 என்று வைத்துக்கொள்வோம். 60 நொடியில் ஓடினால் முன்னதில் 48, பின்னதில் 49.2. அந்த 48ஐத் தொட ஸ்ட்ரீட் டூரிங்கில் நீங்கள் 58.5 நொடியில் ஓட வேண்டும். ஸ்பிரிங்கும் இன்டேக்கும் சேர்ந்து ஒன்றரை நொடி தருமா? தராது. அண்ணா சொன்னதை எண்ணாகப் போட்டால் இதுதான்.

ஆனாலும் முதல் இரண்டு மூன்று பந்தயத்துக்கு இதை மறந்துவிடுங்கள். புதிதாக வருபவர் பாதை எங்கே போகிறது என்று தேடுவதிலேயே பல நொடிகளை விடுவார். நான் ஓட்டுவது ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி, எச் ஸ்ட்ரீட். டயரைத் தவிர எல்லாம் கம்பெனி கொடுத்தபடி. இங்கே நான்கைந்து ரன் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் கடைசி ரன்னில்தான் மூளை பாதையைப் பிடிக்கும்.

ஹூஸ்டன்_பாலா

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஸ்ட்ரீட் மலிவு என்று எல்லோரும் சொல்வது முழு உண்மை இல்லை.

முதலாவது, கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு. பிஆர்இசட்டில் கம்பெனி முன்சக்கரம் கிட்டத்தட்ட நேராக நிற்கும். ஸ்ட்ரீட்டில் கேம்பர் பிளேட் போட வழியில்லை. திருப்பத்தில் எடை முழுவதும் முன்டயரின் வெளி ஓரத்தில் விழும். நடுவில் டிரெட் நன்றாக இருக்கும்போதே ஓரம் மொட்டையாகிவிடும். ஸ்ட்ரீட் டூரிங்கில் கேம்பர் பிளேட் ஒருமுறைச் செலவு, அதன்பின் டயர் சமமாகத் தேயும்.

இரண்டாவது, ஸ்ட்ரீட்டில் வண்டியின் குறையைச் சரிசெய்ய முடியாது. அதனால் அந்த கிளாஸுக்குப் பொருத்தமான வண்டி எதுவோ அதை வைத்திருப்பவர் ஜெயிப்பார். வேறு ஏதாவது வண்டியைப் புதிதாக அந்த கிளாஸுக்குள் கொண்டுவந்தால் உங்கள் வண்டி ஒரே நாளில் பழசாகிவிடும். தீவிரமாக ஓட்டுகிறவர்கள் ஷாக்குக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள், ஏனென்றால் பெரிதாக மாற்ற விதி இடம் கொடுப்பது அது ஒன்றைத்தான்.

அப்புறம் பிஆர்இசட்காரர்களுக்கென்றே சோலோ ஸ்பெக் கூப்பே என்று ஒரு கிளாஸ் இருக்கிறதே, அதை யாருமே சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே ஷாக், ஒரே ஸ்பிரிங், ஒரே டயர். ஓட்டுவதில் மட்டும்தான் போட்டி.

டியர்பார்ன்_ராகவன்

பாலா, கேம்பர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். பிஆர்இசட்டை ஸ்ட்ரீட்டில் ஓட்டும் எல்லோருக்கும் அந்த வலி உண்டு. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் டயரை முன்பின் மாற்றி, காற்றழுத்தத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஓரளவு தள்ளலாம், முழுக்கத் தப்ப முடியாது.

ஆனால் வேலின் கையில் இருப்பது 1500. கேம்பர் பிளேட் மாட்டினால் அதற்கேற்ற ஷாக் கேட்கும். ஷாக் வந்தால் காயில்ஓவர், 17க்கு 9 வீல், அதை நிரப்ப அகல டயர் என்று வரிசையாக வரும். ஸ்ட்ரீட் டூரிங்கில் நிறுத்த ஓர் இடம் கிடையாது. ஸ்ட்ரீட்டில் விதியே உங்களைத் தடுத்து நிறுத்திவிடும். பணம் குறைவாக இருப்பவருக்கு அந்தத் தடுப்பு பெரிய துணை.

ஆயிரக்கணக்கில் ஷாக் போடுவதெல்லாம் நெப்ராஸ்காவின் லிங்கனில் நடக்கும் தேசியப் போட்டியைக் குறிவைப்பவர்கள். உள்ளூரில் கம்பெனி ஷாக்கோடு வந்து கோப்பை தூக்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்பெக் கூப்பே நல்ல யோசனைதான், அமைப்பாகவும் அழகானது. ஆனால் வேல் முதலில் தன் ஊர் கிளப்பின் போன வருட முடிவுப் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த கிளாஸில் நாலு பேராவது ஓடியிருந்தால் யோசிக்கலாம். ஒருவரும் இல்லையென்றால் கிட் வாங்கி மாட்டித் தனியாக ஓடித் தனக்குத் தானே முதல் பரிசு வாங்குவதில் என்ன இருக்கிறது? எந்த கிளாஸுக்கும் இதையே சொல்வேன். ஆள் நிறைய இருக்கும் கிளாஸில் ஏழாவதாக வந்தால்கூட ஆறாவது ஆளின் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேசக் கற்றுக்கொள்ளலாம்.

ஸ்காபரோ_நந்தன் (ரொறன்ரோ)

வேல் தம்பி, கனடாவிலிருந்து ஒரு குரல். ஒன்ராறியோவில் இதே விளையாட்டை ஆட்டோஸ்லாலம் என்று நடத்துகிறோம், விதிகள் கொஞ்சம் வேறு. ஆனால் காசுக் கணக்கு எங்கேயும் ஒன்றுதான்: கிளாஸைப் பார்க்க முதல் ரயர் விலையைப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட மியாட்டா பற்றிச் சொல்கிறேன், என்னிடம் இருப்பது அதுதான். முதல் இரண்டு தலைமுறை மியாட்டா நெடுங்காலமாக இ ஸ்ட்ரீட்டின் செல்லப்பிள்ளை. பாரம் ஒரு தொன் அளவுதான், ரயர் 15 அங்குலம். ஒரு செற் ரயரில் உங்களுடைய 17 அங்குலத்தோடு பார்க்க 150 முதல் 200 டொலர் வரை மிச்சம் பிடிக்கலாம், பாரம் குறைவென்பதால் தேய்வதும் மெதுவாகத்தான். பிறகு ஏன் நான் உங்களை வாங்கச் சொல்லவில்லை என்றால், உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் குளிர்காலத்தில் ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள். பாவித்த மியாட்டாவின் கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டைக் கையால் தட்டிப் பாருங்கள், பல கார்களில் பெயின்ற் மட்டும்தான் மிச்சம் இருக்கும், உள்ளே துரு. வெட்டி ஒட்டுகிற செலவு உங்கள் 1500ஐ ஒரேயடியாக விழுங்கிவிடும். பிஆர்இசட்டை விற்று வாங்குகிற அலைச்சலுக்கு அது பெறுமதி இல்லை.

இருக்கிற காரையே வைத்திருங்கள். ராகவன் அண்ணை சொல்வதுதான் சரி.

நோவை_வேல்

அனைவருக்கும் நன்றி. மியாட்டா யோசனையைக் கைவிட்டாயிற்று.

போன வருட முடிவுகளைப் பார்த்தேன். எங்கள் கிளப்பில் ஸ்பெக் கூப்பேயில் யாரும் இல்லை, டி ஸ்ட்ரீட்டில் நல்ல கூட்டம். அதில் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருப்பவர்களும் ஓடுகிறார்கள்.

இப்போது இரண்டு கேள்வி. ஒன்று, டயர். 200 டிரெட்வேர் (டயர் தேய்மானத்தைக் குறிக்கும் எண்) என்கிறார்கள், அந்த ஒரே எண்ணில் பத்து மாடல் இருக்கிறது, விலையும் ஒன்றுக்கொன்று தூரம். இரண்டு, இன்ஷூரன்ஸ். இது தினம் ஓட்டுகிற வண்டி என்பதால் கொஞ்சம் பயம்.

டியர்பார்ன்_ராகவன்

டயர்தான் இந்த இழையில் அதிகம் பேச வேண்டிய விஷயம்.

ஸ்ட்ரீட்டிலும் ஸ்ட்ரீட் டூரிங்கிலும் டயரின் டிரெட்வேர் எண் 200க்குக் குறையக் கூடாது. அந்த எண்ணை முடிவு செய்வது டயர் செய்யும் கம்பெனியேதான். அதனால் 200 என்று அச்சடித்த இரண்டு டயருக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். யோகஹாமா ஏ052 முதல் ரன்னிலேயே, ரப்பர் சூடாகும் முன்பே, தரையைப் பிடித்துக்கொள்ளும். அதே வேகத்தில் தேய்ந்தும் போகும், சூடு ஏறினால் வழுக்கும். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் ஏறக்குறைய அதே பிடி, சூட்டைக் கொஞ்சம் கூடத் தாங்கும். ஹேன்கூக் ஆர்எஸ்4 இவை இரண்டையும்விட மெதுவான டயர், ஆனால் நாள்பட உழைக்கும்.

முதல் சீசனுக்கு ஆர்எஸ்4 மாதிரி ஒன்றையே சொல்வேன். வேகமான டயர் உங்கள் தவறுகளை மூடி மறைக்கும். மெதுவான டயர் ஸ்டீயரிங்கை அதிகம் ஒடித்தால் உடனே கீச்சிட்டுச் சொல்லிவிடும், அதுவும் சீசன் முடியும் வரை உங்களோடு இருந்து சொல்லும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, கவனித்தீர்களா தெரியவில்லை. கராஜில் கிடக்கும் 17க்கு 7 கம்பெனி வீல்தான் டி ஸ்ட்ரீட்டுக்கு வேண்டியது. போட்டி டயரை அதில் போடுங்கள், 18 அங்குல வீலை வேலைக்குப் போக வைத்துக்கொள்ளுங்கள். பிஆர்இசட்டின் பின்சீட்டை மடித்தால் நான்கு வீலும் உள்ளே போகும், அந்த வண்டியை வடிவமைக்கும்போதே அப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். ஜாக்கும் டார்க் ரெஞ்சும் கூட எடுத்துப் போங்கள். வீல் நட்டை 89 அடி-பவுண்டுக்கு முறுக்கி, முதல் ரன் முடிந்ததும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

இன்ஷூரன்ஸ்: உங்கள் பாலிசியில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டிகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், பல பாலிசிகளில் அவற்றுக்குக் காப்பீடு கிடையாது என்ற விலக்கு இருக்கும். கிளப் எடுக்கும் காப்பீடு உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்தைப் பார்க்காது. ஆனால் இங்கே ஒரு நேரத்தில் அந்தப் பாதையில் ஒரு வண்டி, மோதினால் பிளாஸ்டிக் கூம்பு. விளக்குக் கம்பத்துக்கும் நடைமேடைக்கும் பக்கத்தில் பாதை போட விடமாட்டார்கள், அதற்கென்றே பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பாதை முழுவதும் நடந்து பார்ப்பார்.

கணக்கு: டயர் மாட்டு கூலியோடு 800 சுற்றி. நுழைவுக் கட்டணம் 60 என்று வைத்தால் எட்டுப் பந்தயத்துக்கு 480. உறுப்பினர் கட்டணம் சுமார் 100. மொத்தம் 1380, அலைன்மென்ட்டுக்கு 120 மிச்சம்.

ஹூஸ்டன்_பாலா

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் வேலின் ஊரில் டி ஸ்ட்ரீட்டில் கூட்டம் இருக்கிறது என்றால் அங்கே போவதுதான் நல்லது. அலைன்மென்ட் கடைக்காரரிடம் முன்னால் கிடைக்கிற அளவுக்கு நெகட்டிவ் கேம்பர் (மேல்பக்கம் உள்ளே சாய்வது) வைக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவில். கம்பெனி அளவு போதும் என்று திரையில் பச்சை நிறம் காட்டி அனுப்பப் பார்ப்பார், விடாதீர்கள்.

ஆஸ்டின்_மலர்

டயர் பேச்சு வந்ததால் ஒன்று. வெள்ளைச் சுண்ணக்கட்டியால் டயரின் பக்கச் சுவர் ஓரத்தில் மூன்று இடத்தில் கோடு போடுங்கள், சுவரிலிருந்து டிரெட் வரை. ரன் முடிந்து வந்ததும் குனிந்து பாருங்கள். டயர் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். சுண்ணம் அந்த முக்கோணத்தையும் தாண்டிக் கீழே அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்றழுத்தத்தை இரண்டு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். முக்கோணத்துக்கு வெகு மேலேயே நின்றுவிட்டால் காற்று அதிகம். பாலா சொன்ன ஓரத் தேய்மானத்தில் பாதியை இதிலேயே பிடித்துவிடலாம், செலவு ஒரு சுண்ணக்கட்டி.

இன்னொன்று, டயர் செலவைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் தேடலாம். ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்ட விதி இடம் கொடுக்கிறது. நானும் என் கணவரும் ஒரே ஃபியஸ்டாவில்தான் ஓடுகிறோம், நான் பெண்கள் கிளாஸில், அவர் எச் ஸ்ட்ரீட்டில். டெக்சாஸ் வெயிலில் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் டயர் கொதித்துப்போகும், பூச்செடிக்குத் தண்ணீர் அடிக்கும் பம்ப் ஒன்றை வைத்து நனைப்போம். மிச்சிகனில் அந்தத் தொல்லை குறைவு.

நோவை_வேல்

அப்போது முடிவு இதுதான்: முதல் பந்தயத்துக்கு இருக்கிறபடியே நாவிஸில் போகிறேன். இதற்கிடையில் கம்பெனி இன்டேக்கும் ஸ்ட்ரட் செட்டும் தேடுகிறேன், ஸ்ட்ரட் செட்டைக் கேன்டனில் ஒருவர் விற்கிறார் என்று இப்போதே கண்ணில் பட்டது. மாட்டி அலைன்மென்ட் செய்ததும் டி ஸ்ட்ரீட். ஹெல்மெட் உடனே வாங்க வேண்டுமா?

டியர்பார்ன்_ராகவன்

வேண்டாம், கிளப்பில் இரவல் ஹெல்மெட் வைத்திருப்பார்கள். பின்னால் வாங்கும்போது ஸ்னெல் (ஹெல்மெட் பாதுகாப்புத் தரம்) முத்திரை பார்த்து வாங்குங்கள், பழைய வருட முத்திரைகளை அவ்வப்போது விலக்கிவிடுவார்கள் என்பதால் இருப்பதிலேயே புதியதாக. கேன்டன்காரரிடம் ஸ்ட்ரட்டில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று தண்டைத் துடைத்துப் பாருங்கள். மேல் மவுண்ட்டும் சேர்த்தே தருகிறாரா என்று கேளுங்கள்.

ஸ்காபரோ_நந்தன்

தம்பி, பந்தய நாளில் நீங்கள் ஓடாத நேரம் கூம்பு நிமிர்த்தும் வேலைக்கு விடுவார்கள், எல்லோருக்கும் கட்டாயம். அதைச் சும்மா கடமைக்குச் செய்யாமல், டி ஸ்ட்ரீட் ஓடுகிற நேரம் அமைந்தால் கடினமான வளைவு பக்கம் நிற்கக் கேளுங்கள். ஒவ்வொரு கூம்பின் அடியைச் சுற்றியும் கோடு கீறியிருப்பார்கள். கூம்பு விழுந்தாலோ, கோட்டை விட்டு முழுதாக வெளியே போனாலோ 2 செக்கன் தண்டம். நிமிர்ந்து நின்று கோட்டில் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்தால் தண்டம் இல்லை. நல்ல ஓட்டுநர் கூம்பைப் பின்சில்லால் உரசி அந்தக் கோட்டுக்குள்ளேயே ஆட்டிவிட்டுப் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், எங்கே பிரேக் விட்டார், எங்கே மிதித்தார் என்று விளங்கும்.

காலையில் டெக் சோதனைக்கு (காரின் பாதுகாப்பைப் பார்ப்பது) முதல் காருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சாரதி பக்கத்துக் கால்மிதியையும் மறக்க வேண்டாம். பற்றரி ஆடாமல் இறுகியிருக்க வேண்டும். கார் இலக்கத்துக்குப் பெயின்ற் அடிப்பவர்கள் பாவிக்கும் நீல ஒட்டு ரேப் போதும். பாதையை நடந்து பார்க்க நேரம் தருவார்கள், அதற்குக் கெதியாகப் போய்விடுங்கள், ஒருமுறை தனியாகவும் ஒருமுறை டி ஸ்ட்ரீட் ஆட்களோடும் நடவுங்கள்.